ஸ்பேனர் பிடித்த கை

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் பென்கா.

கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர் முன்னால் மருமகள் நெவேனா மண்டியிட்டிருந்தாள். கையில் மாமனாரின் ஸ்பேனர். ரேடியேட்டரின் ஓரத்து மூடியில் அதை மாட்டி, இடப்பக்கமாக, அழுத்தி ஒரு திருப்பு.

இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும். ஊறுகாய் ஜாடி திறக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியுமே!

'அடிப்பாவி! இதுதான் சங்கதியா?' பென்காவுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? வசந்தத்தில் அவள் புருஷன் ராங்கெலுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன், சூப் கரண்டி பிடிக்க முடியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

குளிர் தொடங்கி பாய்லரை மூட்டியதும் வீட்டில் ரேடியேட்டர் இணைப்புகள் ஒவ்வொன்றாக ஒழுக ஆரம்பித்தன. "பிளம்பர் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று எழுந்தார் ராங்கெல். நார் சுற்றி, பசை தடவி, இடது கையால் பாதியும் பிடிவாதத்தால் பாதியுமாக எல்லா இணைப்பையும் அடைத்துவிட்டார்.

கூடத்து மூடி மட்டும் மசியவில்லை. தினமும் காலையில் காபி குடித்ததும், "இந்தக் கையாலதான் அடக்குவேன்" என்று வலது கையால் அதற்கு ஒரு முறுக்கு முறுக்குவார். ஆனாலும் சாயங்காலம் பார்த்தால், அடியில் வைத்த கிண்ணம் நிறைந்திருக்கும்.

ஏன் நிறையாது? மகராசி வேலையிலிருந்து வந்ததும் திறந்து விட்டால்!

இன்றைக்கு ராங்கெலின் பெயர் நாள், பிறந்தநாள் போல அவர் பெயருக்கென்றே வருகிற திருநாள். அழைக்காமலே விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். 'வரட்டும். ஊர் எதிர்லயே உன்னை உரிக்கிறேன்' என்று பல்லைக் கடித்தபடி சமையல்கட்டுக்குப் போனாள் பென்கா.

கூடம் நிறைந்தது. பழச்சாராயம் ராக்கியா சுற்றுக்கு வந்தது. பக்கத்து வீட்டு வெல்கோ, புதுக் கோட்டும் பழைய நக்கலுமாக, கிண்ணத்தைக் காலால் தட்டினார்.

"என்ன ராங்கெல், இது ரேடியேட்டரா, ஊர்க் குழாயா?"

எல்லாரும் சிரித்தார்கள். ராங்கெல் முகம் சுண்டிப்போனது.

பென்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அவரை ஏன் கேக்கறீங்க? எங்க வீட்டு மகாலட்சுமியைக் கேளுங்க! காலையில மாமனார் மூடுறார், சாயங்காலம் இவ திறந்து விடுறா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

எல்லார் தலையும் நெவேனா பக்கம் திரும்பியது.

"நெவேனா?" மகன் காலின் தன் மனைவியைப் பார்த்தான். "அம்மா சொல்றது நிஜமா?"

நெவேனா குனிந்து கிண்ணத்தை நேராக வைத்தாள்.

"எப்படிப் பேசுவா? மாமனார் எதுக்கும் லாயக்கில்லைன்னு காட்டணும். அப்புறம் வீடு இவ கைக்கு வரும். காலின், நாளைக்கே தனிக்குடித்தனம் பார்த்துக்கோ!"

"சும்மா இருடி!" ராங்கெல் எழுந்தார். "நல்ல நாளும் அதுவுமா! யார் திறந்தா என்ன, மூட எனக்குத் தெரியாதா?"

வலது கையில் ஸ்பேனரை எடுத்தார். மூடியில் மாட்டினார். பல்லைக் கடித்து, வலப்பக்கமாக ஒரு முறுக்கு.

சர்ர்ரென்று பீச்சியது தண்ணீர்! வெல்கோ அலறிக்கொண்டு துள்ளினார்.

நெவேனா பாய்ந்து ஸ்பேனரை வாங்கி ஒரே திருப்பு. தண்ணீர் நின்றது.

"மன்னிச்சிடுங்க மாமா, எல்லாம் என் தப்பு. நான் தொட்டதாலதான் இப்படி. பாருங்க, நீங்க முறுக்கினது இப்ப நல்லாப் பிடிச்சுக்கிச்சு."

ராங்கெல் மூடியின் அடியில் விரலை வைத்துத் தடவினார். விரல் காய்ந்திருந்தது. குனிந்து இன்னொரு தரம் தடவினார்.

"ஒரு சொட்டு உண்டா? யாராவது வந்து பாருங்கடா, ஒரு சொட்டு உண்டா?"

கூடமே கை தட்டியது. நனைந்த வெல்கோகூட, "ஜெயிச்சிட்டேய்யா!" என்று கோப்பையைத் தூக்கினார்.

பென்கா மட்டும் கை தட்டவில்லை. தண்ணீர் நின்றது எந்தப் பக்கம் திருப்பியபோது என்று அவள் பார்த்திருந்தாள். காலையில் காய்ந்து கிடக்கிற கிண்ணம், மருமகள் வேலையிலிருந்து வருவதற்கு முன்பே நிறைந்துவிடுவதும் அப்போதுதான் உறைத்தது.

துணி பிழியப் போன மருமகளின் பின்னாலேயே போனாள்.

"ஏண்டி, இடப்பக்கம் திருப்பினா எப்படி நின்னுது?"

"அந்த மூடிக்கு மட்டும் மரை தலைகீழ், அத்தை. முதல் நாள் நானும் வலப்பக்கம் முறுக்கி ஏமாந்தேன்."

"அப்போ தினமும் திறந்து விட்டது..."

நெவேனா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? அத்தனை பேர் எதிர்ல என் வாயால அசிங்கப்பட்டியே பெண்ணே! இரு, இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"ஐயோ, வேண்டாம் அத்தை!" நெவேனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சா மாமா ஸ்பேனரைக் கீழ வெச்சிடுவார். அப்புறம் மறுபடி அந்த ஜன்னல்தான்."

பென்காவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. மருமகளோ சிரித்தாள்.

"முதல் நாள் மாமா முறுக்கினப்ப ஒரே ஒரு சொட்டு, அத்தை. அப்புறம் ஒரு கிண்ணம். இன்னிக்குப் பார்த்தீங்கல்ல? விழுந்துபோன அந்தக் கையால முறுக்கினது வெல்கோ கோட்டு வரைக்கும் பீச்சி அடிச்சுதே!"