ஆடு காட்டிக்கொள்ளாது

"அம்மா, எங்க இளைஞர் மன்றத்துல ஆடு வளர்ப்பைப் பத்திப் பேசச் சொன்னாங்கல்ல? உனக்கு ஒரு தடவை பேசிக் காட்டறேன், உக்காரு" என்றாள் மகள்.

"பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்குடி."

"ஆடுகூட இவ்வளவு அடம் பிடிக்காது. உக்காரும்மா."

அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கை தானாக வலது விலாவுக்குப் போனது. மகள் கவனிப்பதற்குள் எடுத்துவிட்டாள். கூச்ச சுபாவமுள்ள பெண், முதல் மேடை. அது நல்லபடியாக முடியட்டும், அப்புறம் வலியைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

மகள் தொண்டையைச் செருமினாள்.

"ஆடு தன் நோவைச் சுலபத்துல காட்டிக்காது. மந்தையோட மந்தையா நிக்கும். தீவனத்துல வாய் வைக்கும், ஆனா தின்னாது. எல்லாம் எழுந்த பிறகு மெதுவா எழுந்திருக்கும். நாமதான் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சா?"

"உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். தானா சரியாயிடும்னு விடக் கூடாது."

"அட, நல்லாத்தான் பேசற! அங்கேயும் பயப்படாம இப்படியே பேசு. என்னிக்குப் பேச்சு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்தே பேசிட்டேம்மா. நல்லா கை தட்டினாங்க. வீட்டுக்கு வந்து உன்னோட சாப்பிட உக்காந்தேன். அப்பதான் உன் தட்டைப் பார்த்தேன்."

அம்மாவின் கை மறுபடி விலாவுக்குப் போனது.

"கெளம்பும்மா. அப்பா வண்டியோட வெளியில நிக்கறார்."

"ஆட்டு டாக்டர்கிட்டயாடி?" என்று சிரிக்கப் பார்த்தாள் அம்மா.

இந்த முறை அவள் கை விலாவை விட்டு நகரவில்லை.