மஞ்சள் அடிக்கிற வெள்ளை

"இதுவும் மஞ்சள் அடிக்கிது, ரதி."

கறுப்புப் பெட்டியின் துளையிலிருந்து முகத்தை எடுக்காமலே பஹ்மிதா சொன்னாள்.

பின்னால் நின்ற ரதி நிறம் அளக்கிற மீட்டரை எட்டிப் பார்த்தாள்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய ஆய்வுகூடம். பெட்டிக்குள் உள்ளங்கையளவு ஓலெட் விளக்குத் தகடு ஒன்று, செய்த நாள் முதல் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. குமிழ் இல்லை, குழாய் இல்லை. தாள் போன்ற அந்தத் தகடு முழுவதுமே வெளிச்சம்.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிந்தால்தான் வெள்ளை. அதில் நீலத்துக்கு மட்டும் ஆயுள் கட்டை. அது சாகச் சாக விளக்கு மஞ்சளாகும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள தலையிடி அது.

ரதி நீலத்தை இரண்டு படலமாக அடுக்கியிருந்தாள். ஒன்று சுமந்த பாரத்தை இனி இரண்டு சுமக்கும். குறைந்த மின்சாரத்தில் அதே வெளிச்சம், கூடிய ஆயுள். கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆனால் முதல் தகட்டை பஹ்மிதா மஞ்சள் என்றதும் நிறுத்தினார்கள். அடுத்ததும் அப்படியே போனது. இதுவும் சரிவராவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப்போவதாகப் போன கிழமைதான் ரதி வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

"மீட்டர் வெள்ளை எண்டுதான் காட்டுது, மிஸ்."

"அது கிழட்டு மீட்டர். அத நம்பேலாது."

பஹ்மிதாவின் கண்ணை நம்பாதவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. இரண்டு வெள்ளைகளைப் பக்கத்தில் வைத்தால், எதில் ஒரு பொட்டு நீலம் கூட என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஆனாலும் இன்று அணைக்கச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒருக்கா ஒப்பிட்டுப் பாருங்கோ மிஸ்" என்று ரதி பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, எரிகிற தகட்டுக்கு அருகில் அதே மாதிரி இன்னொன்றை வைத்து எரியவிட்டாள்.

பஹ்மிதா மறுபடி குனிந்தாள்.

"ரெண்டும் ஒரே மஞ்சள். மத்தது எப்ப செஞ்சது?"

"இண்டைக்குக் காலமை. இப்பதான் முதல்முதலா எரியுது, மிஸ்."

கரையோர ரயில் ஒன்று கட்டடத்தை லேசாக அதிரவைத்துக்கொண்டு கடந்து போனது.

இன்றைக்குப் பிறந்த விளக்குக்கு அதற்குள் வயது போக வழியில்லை.

பஹ்மிதா எப்போதும் வலக்கண்ணால்தான் பார்ப்பாள். எத்தனையோ வருடப் பழக்கம். இப்போது அதை மூடிக்கொண்டு, இடக்கண்ணைத் துளையில் வைத்தாள்.

வெள்ளை. இரண்டுமே வெள்ளை. எது பழசு, எது புதுசு என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுபடி வலக்கண்ணால் பார்த்தாள். மஞ்சள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து திரும்பியபோது ரதி அழுகைக்குத் தயாராக நின்றாள்.

"ஒண்டையும் அணைக்க வாணாம், ரதி. ரெண்டும் வெள்ளைதான்."

"அப்ப மஞ்சள் எண்டு சொன்னீங்களே, மிஸ்?"

பஹ்மிதா தன் வலக்கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"அது இங்க. கண்ணுல புரை விழுந்திரிக்கு. லென்ஸ் மாத்தினாச் சரிவரும்."