தனி வழி

"அந்தக் கைப்பிடியையாவது விட்டு வைடா," என்றாள் அக்கா.

"படியே இல்லாம கைப்பிடி மட்டும் எதுக்குக்கா? பிடிச்சுக்கிட்டுத் தொங்கவா?" என்று சிரித்த தம்பி, மரப்படிக்கு அடியில் கடப்பாரையை நுழைத்து நெம்பினான். ஆணி முனகிக்கொண்டே வெளியே வந்தது.

தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிற கை அது. யாரையும் கூலிக்கு அழைக்காமல், ஞாயிறு ஞாயிறாக மல்லுக்கட்டி, வீட்டுக்கு வெளியே ஓர் இரும்புப் படிக்கட்டைத் தானே கட்டி முடித்திருந்தான். தெருவிலிருந்து நேராக மாடி பால்கனிக்கு ஏறிவிடலாம். ஹாலுக்குள் இருந்த பழைய மரப்படிக்கு இனி வேலையில்லை.

"நல்லாத்தானே இருந்துச்சு இது."

"எங்க நல்லா இருந்துச்சு? கால் வெச்சா ஊரையே கூப்பிடும்."

அந்தச் சத்தம்தான் அவளுக்குப் பிடிக்கும். அப்பா ஏறினால் ஒரு மாதிரி, அம்மா ஏறினால் ஒரு மாதிரி. அப்பாவின் சத்தம் கேட்டதும் கதைப் புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும். தம்பியோடு சண்டை போட்டால், ஆளுக்கொரு படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பசி வந்ததும் இரண்டு பேரும் ஒரே படிக்கு வந்துவிடுவார்கள்.

அவள் கல்யாணமாகிப் போன அன்று தம்பி இந்தப் படியில்தான் குறுக்கே படுத்துக்கொண்டான். "என்னைத் தாண்டிப் போ பாக்கலாம்," என்று ஒரே அழுகை. அப்பாதான் அள்ளிக்கொண்டு போனார்.

போன வருஷம், இனி அந்த மனிதனோடு வாழ முடியாது என்று ஒற்றைப் பெட்டியோடு அவள் திரும்பி வந்தாள். தம்பி பெட்டியை வாங்கி, இந்தப் படி வழியாக மாடி அறையில் கொண்டுபோய் வைத்தான்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் ஹாலைத் தாண்டித்தான் மாடிக்குப் போக வேண்டும். டிவி முன்னால் தம்பி மனைவியின் உறவுக்காரர்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். "இன்னும் சமாதானம் ஆகலியாம்மா?" என்பார்கள். அவள் தலையைக் குனிந்தபடி ஏறிப் போவாள்.

போன வாரம் சமையலறையில் தம்பி மனைவி சொன்னது அவள் காதில் விழுந்தது.

"மாடிக்குத் தனி வழி வந்துட்டா நமக்கும் நிம்மதிங்க."

இப்போது அதைக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

"மாடிய வாடகைக்கு விடப்போறீங்களாடா?"

தம்பி நிமிரவில்லை. "ஆளெல்லாம் எப்பவோ பாத்தாச்சு. நீ புதுப்படி வழியா மேல போக்கா. பழைய படி மேல ஏறுற இந்த ஓட்டைய நான் பலகை வெச்சு மூடணும்."

அக்கா வெளியே வந்து புதுப் படியில் ஏறினாள். துளி ஆட்டம் இல்லை. குடிவரப் போகிறவர்களுக்கு நன்றாகத்தான் கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவனையும் குறை சொல்ல முடியாது. அவனுக்கும் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே. போகச் சொல்லும் சங்கடத்தை அவனுக்கு ஏன் வைக்க வேண்டும்?

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து, துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அவள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதி ஒன்று இருந்தது.

கீழே சுத்தியல் சத்தம். ஒவ்வொரு பலகையாக ஓட்டையை மூட மூட, ஹாலின் பேச்சும் டிவி இரைச்சலும் தேய்ந்துகொண்டே வந்தன. கடைசிப் பலகையும் அடித்து முடிந்ததும் அறை அமைதியாகிவிட்டது. பிறந்ததிலிருந்து இந்த மாடியில் அவள் அப்படியோர் அமைதியைக் கேட்டதில்லை.

பெட்டியைப் பூட்டி நிமிர்ந்தபோது, அழைப்பு மணி அடித்தது.

மாடிக்கு ஏது மணி?

பால்கனிக் கதவைத் திறந்தாள். கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு தம்பி நின்றிருந்தான். பின்னாலேயே அவன் மனைவி.

"பெல் நல்லாக் கேக்குதாக்கா?"

அவன் மனைவி ஒரு சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினாள். "இந்தக் கதவுக்கு இது ஒண்ணுதான் சாவி, அண்ணி. உங்க வீடு, உங்க வாசல். கண்டவங்க கேள்விக்கெல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டு இனிமே நீங்க ஹால் வழியா வர வேண்டாம்."

தம்பி இன்னும் வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"நாங்க உள்ள வரலாமாக்கா?"