சார்ஜ் குறையும் நேரம்

ஸ்மார்ட்வாட்சுகளைச் சோதித்து இணையத்தில் விமர்சனம் எழுதுவது யுகேந்திரனின் வேலை. நாள் முழுக்க அலுவலக நாற்காலியை விட்டு எழாதவன் என்பதால், புதிதாக வந்த வாட்சின் பேட்டரி அன்றாட உபயோகத்தில் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, அதை மனைவி அகிலாவின் கையில் கட்டிவிட்டிருந்தான். “குளிக்கிறப்பகூடக் கழட்டக் கூடாது, தெரியுதா?” என்றபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பகலெல்லாம் சிக்கனமாகச் செலவான சார்ஜ், சாயங்காலமானால் மளமளவென்று இறங்கியது. வாட்ச் செல்பேசிக்கு அனுப்பியிருந்த இதயத்துடிப்பு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவள் இதயம் படபடக்கத் தொடங்கியதும் வாட்ச் விடாமல் துடிப்பை அளந்து சார்ஜைத் தின்றுகொண்டிருந்தது. தினமும் அவனுடைய பைக் வாசலில் வந்து நிற்கும் நேரம் அது.

“சாயங்காலம் அப்படி என்னடி பண்றே?”

“ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குக் காபி போடுவேன்.”

மறுநாள் பைக்கைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினான். கதவுக்கு அப்பால் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடி அவன் கேட்டதே இல்லை. செல்பேசியில் துடிப்பு எழுபது என்றிருந்தது. சாவிக்கொத்தை லேசாகக் குலுக்கினான்.

பாட்டு நின்றது. எழுபது நூற்றுப்பத்தானது.

அவன் அசையவில்லை. எண் மெல்ல இறங்கி, பாட்டு மறுபடி கேட்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை இன்னொரு முறை குலுக்கினான்.