சுவரில் விழுந்த கடல்

வெயில் தாங்காமல் ஜோதிலட்சுமி தகரக் கதவைச் சாத்துகிறாள். ஊரூர் குப்பத்தின் அந்தச் சிறிய அறை இருண்டதும், கதவின் ஆணித்துளை வழியே நுழையும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் கடலாக விரிகிறது. மேலே மணல், கீழே வானம், நடுவே தலைகீழாக மிதக்கும் படகுகள். இடுப்பு ஒடிந்து ஐந்து மாதமாகக் கட்டிலை விட்டு எழாத அவள் புருஷன் தங்கவேல் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். "இன்னாம்மா இது?" "கேமரா அப்ஸ்கூரா, நைனா," என்கிறாள் ஓவியக் கல்லூரியில் படிக்கும் மகள் சுகந்தி, கோயிலில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி. "ஐரோப்பாவுல அந்தக் காலத்துல இப்டி இருட்டு ரூம்ல விழுற உருவத்தப் பாத்து வரைவாங்கன்னு பாடத்துல கீது. நானே இப்பதான் பாக்குறேன்." அவர் காதில் எதுவும் விழவில்லை. சுவரில் அவர் தம்பி ஓட்டிவரும் நீலப் படகு அலையில் ஏறி இறங்கிக் கரைக்குத் திரும்புகிறது. "ஜோதி, நம்ம போட்டுடி!" கட்டிலை ஒட்டிய அந்தச் சுவரில் புறங்கையை வைத்து விரல்களை விரிக்கிறார். உள்ளங்கையின் மேல் படகு மெல்ல ஏறுகிறது.