வலப்பக்கத்து ஆட்டக்காரர்

1997 பங்குனியில், கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் தயாபரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி இருந்தது. சந்தேகப்பட அதுவே போதுமாயிருந்தது.

கட்டுகஸ்தோட்டை வீட்டில் அவர் மனைவி யோகாம்பிகை தனித்துப்போனாள். அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்றில், பின்னேரங்களில் இருவரும் கட்டை விளையாட்டு ஆடுவது வழக்கம். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கினால் வரிசை மறையும். இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவர். கணினி தானாக ஆடும் வசதி அதில் கிடையாது.

மூன்றாம் நாள் அவள் தனியே ஆட உட்கார்ந்தாள். யாரும் தொடாமலே வலப்பக்கத்துக் கட்டைகள் திரும்பித் திரும்பிச் சரியான இடங்களில் இறங்கின.

"அவர் சுகமாய்த்தான் இருக்கிறார் அக்கா," என்று அயல்வீட்டுச் சரோஜினியிடம் அடித்துச் சொன்னாள். ஏழு மாதம் தினமும் ஆடினாள். தினமும் தோற்றாள்.

ஐப்பசியில் தயாபரன் மெலிந்து திரும்பி வந்தார். அவள் முதல் வேலையாகக் கணினியைப் போட்டாள்.

"ஒருநாளும் என்னை வெல்ல விடேல்லையே நீங்கள்!"

தயாபரன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். வலப்பக்கத்தில் கட்டைகள் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தன.

"இது நானில்லையப்பா," என்றார். "அங்க நான் இந்த விளையாட்டை நினைக்கவேயில்லை."

யோகாம்பிகை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப ஆரெண்டு பாப்பம்," என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஏழு மாதத்தில் முதல்தடவையாக, வலப்பக்கத்தில் ஒரு கட்டை பிழையான இடத்தில் விழுந்தது.