லூசு கையில் கயிறு

ரோச் சங்கு எடுக்கக் கடலுக்குள் குதித்துவிட்டான். அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை லூசு கையில் இருந்தது.

படகில் உட்கார்ந்திருந்த பர்னபாஸ் கிழவர் கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ரோச் அவர் மருமகன். லூசு அவர் மகன் வளன். சங்கு குளிக்கிறவன் கயிற்றை அவன் பெண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அக்காள் தாலியை எந்தத் தம்பியும் நழுவவிட மாட்டான் என்று அந்தக் கரையில் ஒரு நம்பிக்கை.

கிழவர் அதையும் நம்பமாட்டார், மகனையும் நம்பமாட்டார். இத்தனை நாளும் தானே பிடித்தார். இன்று முடியவில்லை. சிப்பி கீறிய உள்ளங்கை சீழ் வைத்து விண்விண்ணென்று தெறித்தது.

லூசு என்கிற சொல்லே தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்குக் கிரேனோடு வந்தது. வடம் தொய்ந்தால் லூசு, ஆணி ஆடினால் லூசு. அதுவரை சரி. அவர் ஊரான தருவைகுளத்தில் அதைக் கொண்டுவந்து அவர் மகன் தலையில் வைத்தார்கள். முதலில் சண்டைக்குப் போனார். பிறகு அவர் வாயிலும் அதுவே வந்தது.

வேறென்ன சொல்ல? படகில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவன் திடீரென்று வாயை மூடிக் கன்னத்தை உப்பிக்கொள்வான். கூப்பிட்டால் பதில் வராது. கொஞ்சம் கழித்துத் தானாக இளிப்பான்.

இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். கயிறு மட்டும் லூசாக இல்லை.

சட்டென்று எழுந்தான். மளமளவென்று இழுக்க ஆரம்பித்தான்.

கீழிருந்து ரோச் சைகையாகக் கயிற்றை வெட்டி இழுக்கவே இல்லை. கிழவர் கண் அதிலேயேதான் இருந்தது. சைகை இல்லாமல் இழுத்தால் கயிறு பாறையில் மாட்டும், ஆள் அடியிலேயே நின்றுவிடுவான். வீட்டில் மகள் ஹில்டாவுக்கு ஏழாம் மாதம்.

விடுலே என்று கத்தினார். அவன் கேட்கவில்லை. புண் கை என்றும் பாராமல் ஓங்கி ஓர் அறை விட்டார்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுத்தான்.

ரோச் மேலே வந்தான். தலை தொங்கிக் கிடந்தது. உதடு நீலம்.

கூட வந்த எஸ்றா அவனைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினான்.

ஒன்றும் இல்லை.

மறுபடி தட்டினான். ரோச் இருமினான். தண்ணியைக் கக்கினான். அடியில் கண் இருட்டினதுதான் தெரியும் என்றான். எவன்லே என் முதுகை உடைக்கிறது என்றும் கேட்டான்.

கிழவர் மகன் பக்கம் திரும்பினார்.

“அவன் சைகை காட்டலையேலே. நீ எப்படி இழுத்த?”

வளனுக்கு இன்னும் மேல்மூச்சு வாங்கியது.

“மச்சான் இறங்குனா நானும் மூச்சைப் பிடிச்சுக்கிடுவேன்ப்பா. எனக்கு முடியுததுக்குள்ள ஏறி வந்திருவாரு. இன்னைக்கு எனக்கு முடிஞ்சிட்டு.”

நம்ம லூசு, என்று எஸ்றா ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிழவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, கையில் தெறிப்பு நின்றிருந்தது. அறைந்ததில் புண் உடைந்துவிட்டது. சீழும் ரத்தமும் மகன் கன்னத்தில் அப்பியிருந்தன.

தோள் துண்டைக் கடலில் நனைத்து அவன் கன்னத்தைத் துடைத்தார்.

வளன் இளித்தான்.